மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கை மேம்படுத்துவது எப்படி? தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை விளக்கம்

சாலையில் ஒரு சிறு பள்ளம் வந்தாலே ஹேண்டில்பார் அதிர்ந்து மணிக்கட்டு வலிக்கிறது என்றால், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஸ்பிரிங் மிகவும் கடினமாக இருக்கிறது என்றே பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் உண்மை இதற்கு நேர்மாறானது. ஓட்டுபவரின் எடைக்குப் போதாத ஸ்பிரிங், உட்கார்ந்த உடனேயே பாதிக்குப் பாதி அமுங்கிவிடுகிறது. மீதியிருக்கும் சிறிய இடைவெளிக்குள் பள்ளத்தின் முழு அடியையும் வாங்க வேண்டியிருப்பதால்தான் அது கையில் வந்து இடிக்கிறது. ஆகவே எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும்.

இந்த விளக்கம், மெல்லிய உட்குழாய் மேலேயும் தடித்த வெளிக்குழாய் கீழேயும் அமைந்த சாதாரண டெலஸ்கோப்பிக் ஃபோர்க்குக்கு மட்டுமே உரியது. தலைகீழாகப் பொருத்தப்பட்ட கார்ட்ரிட்ஜ் ஃபோர்க்கைத் திறக்கத் தனிக் கருவிகள் வேண்டும். முதல் முயற்சியாக அதில் கை வைக்க வேண்டாம்.

ஃபோர்க்குக்குள் வேலைகள் இரண்டு. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் அமுங்கும் வேகத்தையும் நிமிரும் வேகத்தையும் கட்டுப்படுத்துவது ஆயில். எளிய ஃபோர்க்குகளில் ஆயில் நிலையான துளைகள் வழியாகவே ஓடுகிறது. வேகம் இரு மடங்கானால் அந்தத் துளைகளின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் எளிதாகக் குனிவதும், கூர்மையான விளிம்புள்ள பள்ளத்தில் அதே ஃபோர்க் இரும்புத்தடிபோல் விறைப்பதும் இதனால்தான்.

முதல் படி: அமிழ்வை (உட்கார்ந்ததும் ஃபோர்க் அமுங்கும் அளவை) அளத்தல்

டயரின் காற்றழுத்தம் சரியாக இருக்கிறதா, சீலில் (குழாய்கள் சேருமிடத்தில் ஆயிலை அடைத்து நிற்கும் வளையத்தில்) ஆயில் கசிகிறதா, உட்குழாயில் துருப்புள்ளிகள் உள்ளனவா என்று முதலில் பாருங்கள். இவற்றில் குறை இருந்தால் அதைத் தீர்த்த பிறகே அளவெடுக்க வேண்டும்.

முன்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியை உயர்த்தி, தூசிச் சீலிலிருந்து, குழாயை மேலே பிடித்திருக்கும் இரண்டு கிளாம்ப்புகளில் கீழ் கிளாம்ப் வரை வெளியே தெரியும் உட்குழாயின் நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அது 130 மி.மீ. என்று கொள்வோம். பிறகு வழக்கமாக அணியும் உடையோடும் ஹெல்மெட்டோடும் வண்டியில் உட்கார்ந்து, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அளக்க வேண்டும். முன்பக்கத்தை அழுத்தி மெதுவாக விட்டால் 76, தூக்கி மெதுவாக விட்டால் 80 என்று வந்தால், சராசரி 78. இரண்டு அளவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு உராய்வினால் வருவது. அது பெரிதாக இருந்தால் ஃபோர்க் வளைந்தோ சீல் இறுகியோ இருக்கலாம். 130இலிருந்து 78ஐக் கழித்தால் அமிழ்வு 52 மி.மீ. ஃபோர்க்கின் மொத்த அசைவு 120 மி.மீ. என்றால், சாலை ஓட்டத்துக்கு அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது 30 முதல் 40 மி.மீ. வரை அமிழ்வதே சரி. 52 என்பது மிக அதிகம்.

இரண்டாம் படி: ஸ்பிரிங்கும் ஆயிலும்

ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்குக்கு முன்கூட்டியே கொடுக்கும் அழுத்தத்தை, கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்பது பரவலான தவறான எண்ணம். வண்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை மட்டுமே ப்ரீலோடு மாற்றும்; ஸ்பிரிங்கின் கடினத்தன்மை அப்படியேதான் இருக்கும். ப்ரீலோடால் அமிழ்வைச் சரிசெய்த பின், ஆளில்லாத வண்டி தன் எடைக்கு அமிழ்வதே இல்லை என்ற நிலை வந்தால், ஸ்பிரிங்தான் பலவீனமானது என்று உறுதியாகக் கொள்ளலாம். கடினத்தன்மையை மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று குறிப்பார்கள். 0.80இலிருந்து 0.90க்கு மாறுவது சிறிதாகத் தோன்றினாலும் ஓட்டத்தில் தெளிவாகத் தெரியும். தொடக்கநிலையாளர்களுக்குச் சீரான கடினத்தன்மை உள்ள ஸ்பிரிங்கையே நான் பரிந்துரைப்பேன். படிப்படியாகக் கடினமாகும் வகையில், எந்த மாற்றம் எந்த விளைவைத் தந்தது என்று பிரித்தறிவது கடினம்.

ஆயிலை வண்டியின் கையேடு சொல்லும் தடிமனிலேயே தொடங்குங்கள். தடிமனைக் குறிக்கும் எண்ணில், ஒரு நிறுவனத்தின் 10 டபிள்யூவும் மற்றொன்றின் 10 டபிள்யூவும் ஒன்றாக இருப்பதில்லை. ஒப்பிட வேண்டுமானால் 40 டிகிரி செல்சியஸில் அதன் சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு) மதிப்பைப் பாருங்கள்.

மூன்றாம் படி: கழற்றுதல்

முன்பக்கத்தை உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம், மட்கார்டு, பிரேக் கேலிப்பர் ஆகியவற்றைக் கழற்றுங்கள். கேலிப்பரை அதன் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவையுங்கள். அடுத்த வரிசை முக்கியமானது: மேல் கிளாம்ப்பின் போல்ட்டைத் தளர்த்தி, கீழ் கிளாம்ப் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும்போதே மேல்மூடியை அரைச் சுற்று தளர்த்த வேண்டும். ஃபோர்க்கை வெளியே எடுத்த பின் மூடியைத் தளர்த்த முயன்றால், குழாயைப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. குழாய்கள் கிளாம்ப்பில் எவ்வளவு துருத்தி நிற்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது மாறினால் வண்டி திரும்பும் தன்மையும் மாறிவிடும்.

மூடிக்கு அடியில் ஸ்பிரிங் அழுத்தத்தோடு நிற்கிறது. முகத்தை விலக்கிக்கொண்டு, துணி சுற்றிய உள்ளங்கையால் அழுத்தியபடி கடைசிச் சுற்றுகளைக் கழற்றுங்கள். ஸ்பேசர் (மூடிக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே நிற்கும் சிறு குழாய்), வாஷர், ஸ்பிரிங் ஆகியவை வெளிவரும் வரிசையையும் திசையையும் படமெடுத்து வைத்தால் பின்னால் குழப்பம் இராது. பிறகு ஃபோர்க்கைக் கவிழ்த்து, பலமுறை அமுக்கி இழுத்துப் பழைய ஆயிலை முழுவதும் வடித்துவிடுங்கள்.

நான்காம் படி: நிரப்பிப் பொருத்துதல்

பழைய ஸ்பிரிங்கும் ஸ்பேசரும் சேர்ந்த நீளம் எவ்வளவோ, புதிய ஸ்பிரிங்கும் ஸ்பேசரும் சேர்ந்த நீளமும் அவ்வளவே இருக்கும்படி ஸ்பேசரை வெட்டித் தொடங்கலாம். புதிய ஸ்பிரிங் 20 மி.மீ. நீளமானால் ஸ்பேசர் 20 மி.மீ. குறைய வேண்டும். வெட்டு முனை சாயாமல் நேராக இருக்க வேண்டும்.

ஆயிலை ஊற்றி, காற்றுக்குமிழ்கள் நீங்கும்வரை மெதுவாக இயக்குங்கள். ஸ்பிரிங் இல்லாமல், குழாயை முழுவதும் அமுக்கிய நிலையில், குழாயின் மேல்விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் வரை உள்ள இடைவெளியை அளந்து கையேட்டின் அளவுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு ஃபோர்க்குகளிலும் இது ஒன்றாகவே இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் அடைபட்ட காற்று, அசைவின் கடைசிப் பகுதியில் இன்னொரு ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. அதை அளவுக்கு மீறிக் குறைத்தால் சீல் பிதுங்கிவிடும்.

மாட்டும்போது அச்சைக் கோத்து இறுக்கியபின், அச்சை நெருக்கிப் பிடிக்கும் ஓரத்து பிஞ்ச் போல்ட்டை மட்டும் தளர்வாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பிரேக்கைப் பிடித்துச் சில முறை அமுக்குங்கள். இரு குழாய்களும் ஒன்றுக்கொன்று இணையாகத் தாமே அமர்ந்துகொள்ளும். அதன் பிறகு அந்த போல்ட்டையும் கையேடு சொல்லும் டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) அளவுக்கு இறுக்குங்கள். புறப்படுவதற்கு முன், லீவர் கெட்டியாகும்வரை பிரேக்கைப் பலமுறை அழுத்த மறக்கக் கூடாது.

ஐந்தாம் படி: சோதனை

அமிழ்வை மீண்டும் அளந்து, உட்குழாயில் ஒரு ஜிப் டையை (பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை) கட்டி, அதைச் சீலோடு ஒட்டித் தள்ளிவிட்டு, பழகிய சாலையில் ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்து, அது எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். அமிழ்வு சரியாக இருந்தும் அது அசைவின் கடைசிவரை சென்றிருந்தால், ஆயில் மட்டத்தை 10 மி.மீ. உயர்த்துங்கள், பாதி தூரத்தைக்கூடத் தாண்டவில்லை என்றால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு அதிகம். அளவுகள் எல்லாம் பொருந்தியும் கூர்மையான பள்ளங்களில் மட்டும் அடி தொடர்ந்தால், துளைகளின் குறையை ஈடுகட்டும் எமுலேட்டர் வால்வைப் பொருத்துவதைப் பற்றி அப்போது யோசிக்கலாம். ஆயில் ஓடும் துளைகள் உள்ள டேம்பர் குழாயில் துளையிடும் வேலை அதில் இருப்பதால், அதை அனுபவமுள்ள மெக்கானிக்கின் துணையோடு செய்வதே நல்லது.