இருட்டில் குறைந்த ஹைட்ரஜன்

காரைக்குடியில் எங்கள் ஆய்வகத்தில், ஒளிபட்டால் தண்ணீரைப் பிரிக்கும் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் என்ற வினையூக்கிப் பொடியில் பிளாட்டினம் படியவைத்து, செனான் விளக்கொளியில் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துக்கொண்டிருந்தேன். முதலில் ஹைட்ரஜன் மளமளவென்று ஏறும், அப்புறம் அப்படியே நின்றுவிடும். பொடி செத்துவிட்டது என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கசிவும் இல்லை; இருந்தால் காற்றின் நைட்ரஜன் உள்ளே வந்திருக்கும், ஆனால் வாயுக்களைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராபில் நைட்ரஜன் ஏறவே இல்லை.

விளக்கை அணைத்துவிட்டுக் கலக்கியை மட்டும் ஓடவிட்டேன். இருட்டிலேயே ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் 2:1 கணக்கில் குறைந்துகொண்டே வந்தன. சரி, பிடிபட்டது. ஹைட்ரஜனைப் பிறப்பிக்கும் அதே பிளாட்டினம்தான் இரண்டையும் சேர்த்துத் திரும்பத் தண்ணீராக்குகிறது.

ஜப்பானில் டோமென் குழுவினர் 2006-இல் காட்டிய வழி கைகொடுத்தது: உலோகத் துகளைச் சுற்றிக் குரோமியம் ஆக்சைடு உறை. பொட்டாசியம் குரோமேட்டைத் துளியளவு கலந்து, ஆர்கானால் காற்றை வெளியேற்றி, விளக்கின் கீழ் வைத்தால் போதும். வேலை முடிந்தபின் வடிகட்டினால் நீரில் குரோமேட்டின் மஞ்சள் நிறம் போயிருக்கும்; அது உறையாகப் படிந்துவிட்டது என்று பொருள். குரோமேட் கடும் நச்சு, கையுறை கட்டாயம். இந்த உறை ஆக்சிஜனை உலோகத்திடம் அண்டவிடாது, ஹைட்ரஜனுக்கு வழிவிடும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

சித்திரை வெயிலில் இங்கே குழாய்த் தண்ணீரே கொதிக்கும் என்பதால் கலனைச் சுற்றிக் குளிர்நீர் ஓட்டினேன். இப்போது விளக்கு எரியும்வரை ஹைட்ரஜன் ஏறுகிறது, அணைத்தாலும் குறைவதில்லை.