கொலஸ்ட்ரால் மாத்திரையும் வார இறுதிக் குடியும்

அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போன்ற மாத்திரை சாப்பிடும் பலர், "இன்னைக்குக் குடிக்கிறேன், அதனால மாத்திரை வேண்டாம்" என்று அன்று மட்டும் விட்டுவிடுகிறார்கள். இதில் லாபம் எதுவும் இல்லை. இந்த மருந்துகள் தினமும் எடுத்தால்தான் பலன் தரும். தவிர, முந்தின நாள் போட்ட மாத்திரையும் உடம்பில் இன்னும் இருக்கும். இவை இரண்டையும் எந்த நேரத்திலும் சாப்பிடலாம். இரவில் மறந்துபோகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு காலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சரி, குடிக்கலாமா? கல்லீரல் நன்றாக இருப்பவர் எப்போதாவது கொஞ்சம் குடிப்பதைப் பெரும்பாலான டாக்டர்கள் தடுப்பதில்லை. தினசரிக் குடியும், ஒரே மூச்சில் நிறையக் குடிப்பதும்தான் ஆபத்து. இரண்டுமே கல்லீரலுக்கும் தசைக்கும் பாதிப்பைக் கூட்டும். மது, ரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பான டிரைகிளிசரைடையும் ஏற்றும். அது 500 mg/dL-ஐத் தாண்டியவர்கள் மதுவை அறவே விடவேண்டும், கணையம் வீங்கும் அபாயம் உண்டு. தொட்டுக்கொள்ளும் சிக்கன் 65, மிக்சர் கணக்கு தனி!

ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய நாள் குடித்தால் டிரைகிளிசரைடு கூடுதலாகக் காட்டலாம். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் குறைக்காமல் சொல்லுங்கள். காரணமில்லாத தசைவலி, கருத்த சிறுநீர், கண்ணில் மஞ்சள் தெரிந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.