சிறுவயது மனச்சிதைவு: பெற்றோர் சறுக்கும் இடங்கள்

பிள்ளை தனியாகப் பேசினாலே மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது, யாரோ கெடுதல் செய்வதாக உறுதியாக நம்புவது போன்றவை வரும் மனநோய்) என்று நடுங்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத தோழனோடு சண்டை போடும் ஐந்து வயதுக் குழந்தைகள் ஏராளம். தூக்கம் வரும் வேளையில் யாரோ கூப்பிட்டதுபோல் கேட்பதும் சகஜம். 13 வயதுக்கு முன் தொடங்கும் மனச்சிதைவு மிகவும் அரிது. ஏறத்தாழ 40,000 பிள்ளைகளில் ஒருவருக்கு என்கிறார்கள்.

பெங்களூரில் நம்மவர்கள் அதிகம் கோட்டைவிடுவது வேறிடத்தில். இந்நோய் பெரும்பாலும் ஓசையில்லாமல் வருகிறது: மதிப்பெண் சரியும், நண்பர்கள் விலகுவார்கள், குளிப்பதற்கே கெஞ்ச வேண்டியிருக்கும். “ஊரிலிருந்து வந்த பிள்ளை, கன்னடம் வரவில்லை, அதனால்தான் ஒதுங்குகிறான்” என்று அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். வீட்டில் தமிழ்ப் பேச்சும் நின்றுபோயிருந்தால் அதற்குக் கன்னடம் என்ன செய்யும்? அம்மா போட்ட சோற்றை முகர்ந்து தள்ளிவைத்துவிட்டு, தம்பியின் தட்டிலிருந்து மட்டும் எடுத்துச் சாப்பிடும் பிள்ளையை ‘அடம்’ என்று அடிக்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள்.

மனநோய் தீர வேண்டிக்கொள்ளும் குணசீலம் பெருமாள் கோயிலுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், தடுக்கவில்லை. 48 நாள் விரதம் முடியட்டும், பிறகு டாக்டரைப் பார்ப்போம் என்பதுதான் ஆபத்து. கட்டிப்போடுவது மட்டும் எக்காரணத்துக்கும் கூடாது. 2001-இல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் மாண்டது சங்கிலியால்தான். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

ஓசூர் சாலையிலுள்ள நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் குழந்தைகளுக்கெனத் தனி மனநலப் பிரிவே இருக்கிறது. அங்கே போனதும், பிள்ளை சொல்வதை மொழிபெயர்க்கிறோம் என்று பெற்றோர் அதைச் செப்பனிட்டுவிடுகிறார்கள். “சுவர் என்னைத் திட்டுகிறது” என்பது டாக்டரின் காதில் “கொஞ்சம் பயப்படுகிறான்” என்று விழுகிறது. உளறலாகத் தோன்றினாலும் அப்படியே சொல்லுங்கள். தமிழ் தெரிந்த மருத்துவரைக் கேட்டுப்பார்ப்பதிலும் தவறில்லை. மனநோய்க்கு எதற்கு ரத்தப் பரிசோதனை என்று முகம் சுளிக்க வேண்டாம். வலிப்பு, மூளை அழற்சி, உடலில் செம்பு சேரும் வில்சன் நோய் ஆகியவையும் இதே வேடத்தில் வரும்.

குரல்கள் அடங்கியதும் மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் நோய் திரும்ப வாய்ப்பு அதிகம். எடை கூடுகிறதா? உண்மையான தொல்லைதான், டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

சாகப்போகிறேன் என்றோ, குரல் யாரையாவது தாக்கச் சொல்கிறது என்றோ பிள்ளை சொன்னால், தனியே விடாமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மற்றச் சந்தேகங்களுக்கு அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.