எக்ஸ்ரேயில் உருண்டைகள் தெரிந்தால் பழைய கர்ப்பப்பை ஒபரேஷனையும் சொல்லுங்கள்

வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் போன இடத்திலோ, விடாத இருமலுக்கு எடுத்த எக்ஸ்ரேயிலோ, நுரையீரல் இரண்டிலும் சின்னச் சின்ன உருண்டைகள் தெரிகின்றன என்று சொன்னால் தோட்டத்து லயத்தில் உடனே இரண்டு பேச்சுத்தான்: டீபி, இல்லாவிட்டால் கேன்சர். இரண்டையும் சோதிக்கத்தான் வேண்டும், சளி டெஸ்ட்டைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஆனால் கர்ப்பப்பைக் கட்டிக்கு எப்போதாவது ஒபரேஷன் செய்திருந்தால், பத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தாலும் சரி, டொக்டர் கேட்காவிட்டாலும் சரி, அதைச் சொல்லுங்கள். கர்ப்பப்பையில் வரும் அதே தசைக்கட்டி, புற்றுநோயாக மாறாமலே நுரையீரலில் போய் வளர்வது அபூர்வமாக நடக்கிறது. பினைன் மெட்டாஸ்டசைசிங் லியோமயோமா என்பார்கள். பலருக்கு எந்த வருத்தமும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டும்போது தந்த பழைய டயக்னோசிஸ் கார்ட்டையும், எடுத்த கட்டியைச் சோதித்த ரிப்போர்ட்டையும் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் ஒபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள், வருஷத்தோடு அப்போது கார்ட்டில் எழுதிய பெயரையும் சொல்லி. நம் ஆட்களுக்கு ஐடியில் ஒரு விதமாகவும் கார்ட்டில் வேறு விதமாகவும் பெயர் இருப்பது சாதாரணம், அதனாலேயே பைல் அகப்படாமல் போகும்.

நுரையீரல் கட்டியில் ஒரு துண்டு எடுத்துச் சோதித்தால்தான் நிச்சயமாகும். ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்ட்ரோன் ஹோர்மோன்களை ஏற்கும் தன்மை அதில் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள், வைத்தியமே பெரும்பாலும் அதை வைத்துத்தான். கர்ப்பப்பையை எடுத்தாலும் சூலகம் உள்ளே இருந்தால் ஈஸ்ட்ரஜன் சுரந்துகொண்டே இருக்கும், கட்டி வளர அது உதவும். மாதவிடாய் நிற்கும் வயதுக்குப் பிறகு சிலருக்குத் தானாகவே சுருங்குகிறது. அதனால் 35 வயதுக்காரிக்கும் 55 வயதுக்காரிக்கும் ஒரே வைத்தியம் இருக்காது: ஒருவருக்கு அவ்வப்போது சீடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலே போதும், இன்னொருவருக்கு ஹோர்மோனை அடக்கும் ஊசி, ஈஸ்ட்ரஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாதிரி மாத்திரை, சூலகத்தை எடுப்பது, அல்லது கட்டியையே வெட்டி எடுப்பது. அந்த ஊசியால் உடம்பு சூடாகி வியர்க்கும், நாள்பட்டால் எலும்பும் பலவீனமாகும். கொழுந்துக்கூடை சுமந்து மலை ஏறுகிறவர் என்றால் எலும்பைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையோ ஊசியோ பாவிக்கிறீர்கள் என்றால், அதிலும் ஹோர்மோன் இருப்பதால், அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறதே என்று கிளினிக்கைத் தவறவிடாதீர்கள், கட்டி வளர்கிறதா என்று பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டால்தான் தெரியும். மூச்சு வாங்குவது கூடினாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ, திடீரென நெஞ்சு வலித்தாலோ கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.