கை டிரில்லுக்கு வீட்டிலேயே ஒரு ஸ்டாண்டு: மலையில் இருப்பவர்களுக்கான செய்முறை

கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். செடி வெட்டும் கவாத்து மெஷினுக்கு ஒரு இரும்புப் பட்டையில் நேராக நாலு ஓட்டை போட மேட்டுப்பாளையம் பட்டறைக்கு இறங்கி ஏறினால் ஒரு நாள் போய்விடும். கையில் டிரில்லைப் பிடித்துப் போட்டாலோ ஓட்டை சாய்ந்துவிடும். அதற்குத்தான் இந்த ஸ்டாண்டு.

தேவையானவை: வேகம் கூட்டிக் குறைக்கக்கூடிய 13 மி.மீ. டிரில் (13 மி.மீ. வரை பிட், அதாவது துளைக்கும் அலகு, மாட்டக்கூடியது), 18 மி.மீ. பிளைவுட், டிராயருக்குப் போடும் 10 அங்குல டெலஸ்கோபிக் சேனல் ஒரு ஜோடி, 40 செ.மீ. இரும்புப் பட்டை, போல்ட் நட்டு, பழைய சைக்கிள் ட்யூப்.

பலகைக்குப் பதில் பிளைவுட் ஏன் என்று கேட்கலாம். என் முதல் ஸ்டாண்டை சில்வர் ஓக் பலகையில் செய்தேன். சித்திரையில் நேராக இருந்தது, கார்த்திகை மழையில் கோணிவிட்டது. ஈரத்தில் மரம் அகலவாக்கில் உப்பும். பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அவ்வளவு அசையாது. வெட்டிய ஓரங்களுக்கு மட்டும் வார்னிஷ் இரண்டு கோட் அடித்துவிடுங்கள்.

முதலில் கம்பம். 70 செ.மீ. உயரம், 20 செ.மீ. அகலத்தில் இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி, பின்னால் முக்கோணத் தாங்கு கொடுத்து, அடியில் 20க்கு 20 செ.மீ. பாதம் வையுங்கள். 30க்கு 40 செ.மீ. அடிப்பலகையோடு பாதத்தை நாலு மூலையிலும் போல்ட்டால் மட்டும் இறுக்குங்கள். இங்கே பசை வேண்டவே வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.

இரண்டு சேனலையும் 12 செ.மீ. இடைவெளியில், மேலும் கீழும் அளவு மாறாமல் கம்பத்தில் பொருத்துங்கள். தட்டைத் தலை ஸ்க்ரூதான் போட வேண்டும், உருண்டைத் தலை இடிக்கும். உள்சேனலைக் கழற்றி டிரில் தாங்கும் பலகையில் மாட்டிவிட்டு, திரும்பச் செருகுங்கள். சேனலைப் பாதிக்கு மேல் இழுத்தால் ஆட்டம் கூடும். அதனால் வேலைப்பொருளுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்திக்கொள்வது நல்லது.

டிரில்லின் கழுத்துக்கு (பல மாடல்களில் 43 மி.மீ., அளந்து பாருங்கள்) பிளைவுட்டில் வட்டம் வெட்டி, ஒரு பக்கம் கீறி, போல்ட்டால் நெருக்குங்கள். உடம்பை ஹோஸ் கிளிப்பால் பிடிக்கலாம். இரும்புப் பட்டை கைப்பிடி. சைக்கிள் ட்யூப் டிரில்லை மேலே இழுத்துக்கொள்ளும்.

இனிதான் உயிரான வேலை: டிரில் அடிப்பலகைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்துச் சரிசெய்வது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சைக்கிள் ஸ்போக் ஒன்றை வளைத்து சக்கில் (டிரில்லில் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) மாட்டுங்கள். அதன் நுனி மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி, அடிப்பலகையைத் தொடுகிற மாதிரி இருக்கட்டும். சக்கைக் கையால் மெதுவாகச் சுற்றி, முன், பின், இடம், வலம் என நாலு இடத்திலும் நுனிக்கு அடியில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். ஏ4 தாள் சுமார் 0.1 மி.மீ. கனம். ஒரு பக்கம் தாள் சிக்கி, எதிர்ப்பக்கம் பத்துத் தாள் நுழைந்தால் 1 மி.மீ. சாய்வு. போல்ட்டைத் தளர்த்தி, நுனி உரசுகிற பக்கம் பாதத்துக்கு அடியில் குளிர்பானக் கேன் தகட்டை வெட்டிச் செருகுங்கள். இப்படித் தளர்த்திச் செருகத்தான் அங்கே பசை வேண்டாம் என்றேன். நுனி சுற்றும் வட்டமும் பாதமும் ஒரே 20 செ.மீ. என்பதால், இடைவெளி எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு கனம் போதும். இறுக்கிவிட்டு மறுபடி சுற்றுங்கள். எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. நாலு பக்கமும் ஒரே தாள் ஒரே மாதிரி உரசி வரும்வரை விடாதீர்கள்.

ஓட்டை போடும்போது ஹேமர் சுவிட்ச் (சுவரைத் துளைக்க இடித்துக்கொண்டே சுற்ற வைப்பது) அணைந்திருக்கட்டும். குளிருக்குப் போட்ட மஃப்ளர், சால்வை, கம்பளிக் கையுறை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். சுற்றுகிற சக்கில் ஒரு நூல் மாட்டினாலும் கையையே இழுத்துவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். தகட்டைக் கையால் பிடிக்காமல் கிளாம்ப் போடுங்கள், பிட் அடிப்பக்கம் துளைத்து வெளிவரும் நேரத்தில்தான் தகட்டைக் கவ்விச் சுழற்றும். இரும்பில் 6 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 1,300 சுற்று, 10 மி.மீ.க்கு 800 போதும்.

பனிமூட்ட நாட்களில் சேனலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். கார்த்திகை மழை விட்டதும் அந்த ஸ்போக்கை மாட்டி ஒருமுறை சுற்றிப் பாருங்கள். போன வருடம் எனக்கு முன்பக்கம் இன்னும் ஒரு கேன் தகடு வைக்க வேண்டியிருந்தது.