பைனாகுலர் பழுதானால்: உத்தரவாதத்தின் கீழ் அனுப்பும் முறை

பைனாகுலரில் காட்சி சரியில்லை என்றதும் நாம் முதலில் செய்வது, உத்தரவாத அட்டையைத் தேடி அலமாரியைக் கலைப்பதுதான். அதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, பழுது உண்மையிலேயே கருவிக்குள் இருக்கிறதா, இருந்தால் எந்த வகையைச் சேர்ந்தது என்று கண்டுகொள்வது நல்லது. பழுதுநீக்கும் மேசையில் இருப்பவருக்கு உங்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் நீங்கள் எழுதி அனுப்பும் இரண்டு மூன்று வரிகள் மட்டுமே. "சரியாகத் தெரியவில்லை" என்று மட்டும் எழுதினால், அவர் லென்ஸைத் துடைத்துவிட்டு, குறையேதும் காணப்படவில்லை என்ற சீட்டுடன் திருப்பி அனுப்பக்கூடும்.

முதலில் வலது கண்பகுதியில் உள்ள பார்வைத் திருத்த வளையத்தைப் பாருங்கள். பைக்குள் உரசி அது சற்றே திரும்பியிருந்தால் ஒரு கண்ணுக்கு மட்டும் காட்சி மங்கும். இது பழுதே அல்ல. அடுத்தது மூடுபனி. குளிரூட்டிய அறையிலிருந்து சென்னையின் வெளிக்காற்றுக்கு வந்தவுடன் கண்ணாடியின் மேல் படரும் ஈரம் சில நிமிடங்களில் தானாக விலகிவிடும். வெளிப்பக்கம் இருபுறமும் துடைத்த பின்னும் மங்கல் விலகவில்லை என்றால் ஈரம் உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். நீர்புகாத பைனாகுலர்களில் காற்றை வெளியேற்றி, நைட்ரஜன் போன்ற ஈரமற்ற வாயுவை நிரப்பி, ரப்பர் வளையங்களால் அடைத்திருப்பார்கள். அந்த அடைப்பு விட்டுப்போனதன் அடையாளமே உட்புற மூடுபனி. இதை மறுக்க முடியாத குறைபாடாகவே நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்கும், நீங்களே ஒரு திருகைக் கழற்றிப் பார்க்காத வரையில். திருகில் கீறல் கண்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

மூன்றாவது சோதனைதான் பலருக்கும் தெரியாதது. பைனாகுலரைப் பார்த்தால் கால் மணி நேரத்தில் தலை வலிக்கிறது, கண் இழுக்கிறது என்றால், இரு குழல்களும் ஒரே திசையை நோக்கவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். கீழே விழுந்த கருவிகளில், உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டியான ப்ரிஸம் இம்மியளவு நகர்ந்தாலும் இது நேரும். கருவியை முக்காலியிலோ சுவர் மேலோ அசையாமல் வைத்து, தொலைவில் உள்ள ஒரு கிடைக்கோட்டைக் குறிவையுங்கள்; மின்கம்பியோ மாடிக் கைப்பிடிச் சுவரின் விளிம்போ போதும். பிறகு கண்களை மெதுவாகப் பதினைந்து இருபது சென்டிமீட்டர் பின்னுக்கு இழுங்கள். இரண்டு வட்டங்களாகப் பிரிந்து தெரியும் காட்சியில் அந்தக் கோடு ஒரே உயரத்தில் ஓட வேண்டும். ஒரு வட்டத்தில் மேலும் மற்றொன்றில் கீழுமாகப் படி விழுந்தால், குழல்கள் செங்குத்தாக விலகியுள்ளன. பக்கவாட்டுச் சிறு பிழையைக் கண்கள் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். மேல்-கீழ்ப் பிழையைச் சமாளிக்க அவற்றால் இயலாது. "கிடைக்கோட்டுச் சோதனையில் வலது குழலின் காட்சி தாழ்ந்து தெரிகிறது" என்று கடிதத்தில் எழுதினால், எதிர்முனையில் இருப்பவருக்கு வேலை எங்கே என்று அப்போதே விளங்கிவிடும்.

பூஞ்சையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்து முன்லென்ஸ் வழியே பார்க்கும்போது சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சைதான். சாதாரண உத்தரவாதங்களில் பெரும்பாலானவை இதைத் தயாரிப்புக் குறையாக அல்ல, பராமரிப்புக் குறையாகவே கருதும். கடற்கரை ஊர்களில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், தோல் உறைக்குள் மூடி வைத்த கருவிக்கு இது எளிதில் வரும். ஆகவே இதற்குக் கட்டணம் கேட்டால் வியப்படைய வேண்டாம். அனுப்புவதற்கு முன்பே மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

உத்தரவாதத்தின் சொற்களுக்கு வருவோம். இந்தத் துறையில் நிலவும் தாராளமான உத்தரவாதங்கள் அமெரிக்க வேட்டைக்காரர்களின் சந்தையில் வளர்ந்தவை. ஓரிகானைச் சேர்ந்த லியூபோல்ட் நிறுவனம் 1907இல் நில அளவைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் கடையாகத்தான் தொடங்கியது. பனி படிந்த ஸ்கோப்பால் (துப்பாக்கியின் மேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒரு மானைத் தவறவிட்ட எரிச்சலே அந்தக் குடும்பத்தைச் சொந்தமாக ஸ்கோப் செய்யத் தூண்டியது என்று அதன் வரலாற்றில் சொல்லப்படுகிறது. விஸ்கான்சினில் உள்ள வோர்டெக்ஸ் நிறுவனம் ரசீதோ பதிவோ கேட்காமல், கருவி யார் கைக்கு மாறியிருந்தாலும், வாழ்நாள் முழுவதும் பழுதுநீக்கவோ மாற்றித் தரவோ உறுதியளிக்கிறது. திருட்டு, தொலைதல், வேண்டுமென்றே செய்த சேதம், பயன்பாட்டைப் பாதிக்காத வெளிக்கீறல்கள் ஆகியவை மட்டுமே விலக்கு. மின்னணுப் பாகங்களுக்குப் பல நிறுவனங்கள் தனியாக, குறுகிய காலவரம்பு வைத்திருக்கின்றன என்பதால், தூரமளவி பொருத்திய பைனாகுலர் வாங்கியவர்கள் அந்தப் பத்தியைத் தனியாகப் படிக்க வேண்டும்.

ஆனால் "வாழ்நாள்" என்ற சொல்லைக் கண்டு மயங்குவதற்கு முன், அது எந்த நாட்டுக்குப் பொருந்தும் என்று பாருங்கள். ஒரே கருவிக்கு ஒரு நாட்டில் ஒரு வகை உத்தரவாதமும் இன்னொரு நாட்டில் வேறொரு வகையும் இருப்பது இத்துறையில் சாதாரணம். இந்தியாவில் உள்ள விநியோகஸ்தர் தாம் இறக்குமதி செய்து விற்ற கருவியைத்தான் பெரும்பாலும் பொறுப்பேற்பார். அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவந்ததையோ, இணையத்தில் அங்கீகாரமற்ற விற்பனையாளர் மலிவாகத் தந்ததையோ அவர் கையில் எடுக்கத் தயங்குவார். எனவே முதல் மின்னஞ்சலிலேயே மாதிரிப் பெயர், வரிசை எண், வாங்கிய இடம், தேதி, ரசீதின் படம், பழுதின் விளக்கம் ஆகிய அனைத்தையும் கொடுத்து, இந்தியாவிலேயே பழுதுநீக்க முடியுமா என்று கேளுங்கள். ஒப்புதல் எண் ஒன்று கிடைக்கும் வரை எதையும் அனுப்பாதீர்கள். அந்த எண் இல்லாத பொட்டலங்கள் கிடங்கு மூலையில் உறங்கும்.

பொட்டலம் கட்டுவதில் அதிக நுட்பம் இல்லை. கண்பகுதிகளை உள்ளே தாழ்த்தி, எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் மெத்தென்ற பொருள் வைத்து, பெட்டிக்குள் பெட்டியாகக் கட்டுங்கள். பேட்டரி இருந்தால் எடுத்துவிடுங்கள். கழுத்துப்பட்டை, உறை, மூடிகள் எதையும் அனுப்பாதீர்கள். நான் ஒருமுறை அனுப்பிய நல்ல பட்டை, கருவி திரும்பி வந்தபோது உடன் வரவில்லை. கட்டுவதற்கு முன் வரிசை எண் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக்கே அனுப்ப வேண்டியிருந்தால் கவனம் முழுவதும் சுங்கத்தில் இருக்க வேண்டும். பழுதுநீக்கத்துக்காக ஏற்றுமதி செய்து திரும்பக் கொண்டுவரும் பொருளுக்கு, சுங்க அறிவிக்கையின்படி, முழு மதிப்புக்கு அல்லாமல், பழுதுநீக்கச் செலவு, காப்பீடு, இருவழிப் போக்குவரத்துக் கட்டணம் ஆகியவற்றின் மீது மட்டுமே தீர்வை விதிக்கப்படும். மூன்று ஆண்டுகளுக்குள் திரும்ப வேண்டும். அனுப்பிய அதே பொருளாக இருக்க வேண்டும். உரிமை மாறியிருக்கக் கூடாது. இதை நிரூபிக்கும் வழி, அனுப்பும்போதே ஏற்றுமதி ஆவணத்திலும் விலைப்பட்டியலிலும் வரிசை எண்ணையும், பழுதுநீக்கித் திருப்பி அனுப்புவதற்காக என்ற குறிப்பையும் எழுதச் செய்வதுதான். கூரியர் அலுவலகத்தில் அவசரமாகப் படிவம் நிரப்புபவர் இதை விட்டுவிட்டால், திரும்பி வரும்போது கருவி புதிய இறக்குமதியாகவே கணக்கிடப்படும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தாராளமான நிறுவனங்கள் பழையதைச் சரிசெய்யாமல் புதிய கருவியையே அனுப்பிவிடும்; வரிசை எண் மாறிவிடுவதால் "அதே பொருள்" என்ற நிபந்தனை அடிபட்டுப்போகும். மாற்றித் தருவதாக இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கும்படி எழுதிக் கேளுங்கள். வெளிநாடு செல்லும் உறவினரிடம் கொடுத்தனுப்புவது எளிது என்பதே என் கருத்து. அவர் புறப்படும்போது விமான நிலையச் சுங்க அலுவலரிடம் ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொண்டால், திரும்பும்போது தகராறு இருக்காது.

இங்கே சொன்னது பைனாகுலருக்கு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் நம் நாட்டில் வேட்டைக்கான ஸ்கோப்புக்கு வேலை இல்லை. அமெரிக்காவில் உரிமம் பெற்று வேட்டையாடும் தமிழர்கள் ஸ்கோப்பை அனுப்புமுன் அதைத் துப்பாக்கியில் பிணைக்கும் பிடிவளையங்களின் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கட்டும். குறி நிலைக்கவில்லை என்ற புகார்களில் பல அங்கேயே தீர்ந்துவிடும்.

காலத்தையும் கணக்கிடுங்கள். அமெரிக்காவில் இலையுதிர்கால வேட்டைக்கு முன் பழுதுநீக்கும் பிரிவுகள் நிரம்பி வழியும். நம்மூரில் வேடந்தாங்கலும் கோடியக்கரையும் களைகட்டும் நவம்பருக்குப் பின் கருவியை அனுப்பிவிட்டு வெறுங்கையுடன் நிற்பதைவிட, ஏப்ரலிலேயே அனுப்பிவிடுவது மேல்.

இந்தியாவில் விற்ற கருவிக்கு உரிய உத்தரவாதத்தை மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். அதன் பின்னும் தீரவில்லை என்றால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். விற்பனையாளரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. தொலைபேசியில் பேசியதை அங்கே நிரூபிப்பது கடினம் என்பதால், ஒவ்வொரு பேச்சுக்குப் பின்னும் அதன் சாரத்தை மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவைக்கும் பழக்கம் உதவும்.

கருவி திரும்பி வந்ததும் பெட்டியைத் தூக்கி எறியாமல், அதே கம்பியை நோக்கி அதே சோதனையை அன்றே செய்து பாருங்கள். கோட்டில் இன்னும் படி விழுந்தால், பழைய ஒப்புதல் எண்ணையே குறிப்பிட்டு, அந்த வாரத்திலேயே எழுதுங்கள்.