வெளிநாட்டில் பிறந்தவர் அமெரிக்க மாநில ஆளுநர் ஆவது எப்படி?

அமெரிக்க அதிபராகப் பிறப்பிலேயே குடியுரிமை வேண்டும். மாநில மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆளுநர் பதவிக்கு அந்தத் தடை இல்லை. தகுதியை அந்தந்த மாநில அரசியலமைப்பே வகுக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் அது வெகுவாக மாறும். அதனால் முதலில் எந்த மாநிலம் என்று முடிவு செய்யுங்கள்.

இல்லினாயில் 25 வயது, குடியுரிமை, தேர்தலுக்கு முன் 3 ஆண்டு வசிப்பு இருந்தால் போதும். மிசூரியில் 30 வயது ஆகியிருக்க வேண்டும். குடியுரிமை பெற்று 15 ஆண்டும், மாநிலத்தில் 10 ஆண்டு வசிப்பும் தேவை. நியூ ஜெர்சி 20 ஆண்டு குடியுரிமையும் 7 ஆண்டு வசிப்பும் கேட்கிறது. மிச்சிகனில் 30 வயதோடு, 4 ஆண்டு பதிவுபெற்ற வாக்காளராக இருக்க வேண்டும். குடிமகன் மட்டுமே வாக்காளராக முடியும் என்பதால், குடியுரிமை உறுதிமொழி எடுத்த கையோடு வாக்காளராகப் பதிவு செய்துவிடுங்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் கணக்கில் குறையும்.

இனி பின்னோக்கி எண்ணுங்கள். குடியுரிமைக்கான என்-400 படிவத்துக்குப் பொதுவாகக் கிரீன் கார்டு (நிரந்தர வசிப்பு அனுமதி) பெற்று 5 ஆண்டு ஆக வேண்டும்; 90 நாள் முன்னதாகவே அனுப்பலாம். அந்த 5 ஆண்டில் குறைந்தது 30 மாதம் நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். ஒரே வெளிநாட்டுப் பயணம் 6 மாதத்தைத் தாண்டினால் வசிப்பின் தொடர்ச்சி கேள்விக்குள்ளாகும்; ஓராண்டு ஆனால் பெரும்பாலும் அறுந்தே போகும். ஆக, இன்று கிரீன் கார்டு வாங்கியவர் மிசூரியில் போட்டியிடச் சுமார் 20 ஆண்டு ஆகும்.

மிகப் பெரிய ஆபத்து இதற்கு நடுவில்தான் இருக்கிறது. ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதே வாக்காளர் பதிவுக் கேள்வியும் வரும். குடியுரிமை இல்லாதவர் அதில் ‘ஆம்’ என்று குறித்துக் கையெழுத்திட்டால், நாடுகடத்தல் வரைக்கும் போகலாம். முன்பு வாக்காளராகப் பதிந்தீர்களா, வாக்களித்தீர்களா என்று என்-400 நேரடியாகவே கேட்கும். கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு கட்டத்தையும் வாசியுங்கள்.

அரசியலில் படிப்படியாக ஏறுவதே நம்பகமான வழி. ஜூரிக்கில் பிறந்த மேடலின் குனின் வெர்மாண்ட் சட்டமன்றத்தில் தொடங்கித் துணை ஆளுநரானார். 1982இல் ஆளுநர் தேர்தலில் தோற்று, 1984இல் வென்றார். வான்கூவரில் பிறந்த ஜெனிஃபர் கிரான்ஹோம் 1980இல் குடியுரிமை பெற்றார். தேர்தலில் வென்று மிச்சிகன் அட்டர்னி ஜெனரலாக (மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி) இருந்துவிட்டு 2003இல் ஆளுநரானார். மாநிலம் முழுதும் வாக்குக் கேட்ட அனுபவம் இருவருக்கும் முன்பே இருந்தது.

ஆஸ்திரியாவில் பிறந்த ஆர்னால்டு ஷ்வார்ஸ்னேக்கரின் வழி வேறு. 2003இல் கலிஃபோர்னியாவில் நடந்த திரும்ப அழைப்புத் தேர்தலில் (பதவியில் இருக்கும் ஆளுநரை இடையிலேயே நீக்க மக்கள் வாக்களிப்பது) 65 கையெழுத்தும் 3,500 டாலரும் இருந்தால் மனுத் தாக்கல் செய்ய முடிந்தது. 135 பேர் களத்தில் நின்றார்கள். உட்கட்சித் தேர்தலும் கிடையாது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, பள்ளி நேரத்துக்குப் பிந்தைய வகுப்புகளுக்கு நிதி கேட்டு 49ஆம் முன்மொழிவை (மக்களே நேரடியாக வாக்களித்து முடிவு செய்யும் சட்ட யோசனை) அவர் வாக்கெடுப்பில் வெல்ல வைத்திருந்தார். அதைப் பின்பற்றலாம்.

வழக்கமான தேர்தலில் வேட்புமனுக் கையெழுத்துகள் தேவைப்படும் மாநிலங்களில், கேட்டதைவிட ஒன்றரை மடங்கு திரட்டுங்கள். பதிவில்லாதவர், முகவரி மாறியவர், இரண்டு முறை போட்டவர் எனச் சரிபார்ப்பில் பல கழியும்.